நிலவறை நமக்கு ஏற்றதா?



விடுமுறைக்கு வந்திருந்த நம் பங்கின் இளைஞர் ஒருவர் அமெரிக்க வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சூறாவளி சுழன்றடிக்கும் அந்நாட்டின் நடுப்பகுதியில் பலரும் வீட்டின் அடியில் ஓர் அறை அமைத்து, அபாயச் சங்கு ஒலித்ததும் குடும்பத்தோடு அதில் இறங்கிவிடுவார்களாம். புதுவீடு கட்டும் தம் பெற்றோருக்கும் அவ்வாறே ஒரு நிலவறை அமைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

காவிரிப் பாசனப் பகுதிக்குப் புயல் வருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். அப்போது வாய்க்காலும் வயலும் நிரம்பி நிற்கும். பல ஊர்களில் முழங்கால் ஆழம் தோண்டினாலே நீர் ஊறும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் வீட்டு வளவில் பதுங்குகுழி வெட்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, மண்மூட்டைகளைப் பரப்பி உயிர் காத்தன. அவர்கள் அஞ்சியது குண்டுக்கு. நாம் காற்றுக்கும் நீருக்கும் ஒருசேர அஞ்சவேண்டியவர்கள். இங்கே குழிக்குள் இறங்குவது வெள்ளத்துக்குள் இறங்குவதே ஆகும்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். நெல்லைக் கொட்டிவைக்கும் பத்தாயத்துக்குக் கால் வைத்துத் தரையினின்று உயர்த்தினர். நெல்லுக்குக் கிடைத்த அந்த உயரம் அதை விளைவித்தவனின் குடிசைக்குக் கிடைக்கவில்லையே என்பது நெஞ்சை உறுத்துகிறது.

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு கடந்தபின், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மறுநாள் நான் சென்ற சிற்றூரில் ஓட்டு வீடுகளும் தகடு வேய்ந்த வீடுகளும் வானம் பார்த்து நின்றன. ஒரு வீட்டின் நடுவே, பத்தடிக்கு எட்டடியில், கான்கிரீட் தளம் போட்ட சாமான் அறை மட்டும் அசையாமல் இருந்தது. இரவு முழுவதும் அதனுள் பத்தொன்பது பேர் நின்றபடியே இருந்தார்களாம்.

காற்று கூரையை அழுத்தி உடைப்பதில்லை. மேலே விரைந்தோடி அதனை உறிஞ்சித் தூக்குகிறது. உடைந்த சன்னல் வழியே புகும் காற்றோ உள்ளிருந்து தள்ளுகிறது. ஆதலின் புதுவீடு கட்டுவோர், வீட்டின் நடுவே ஓர் அறையையேனும் உறுதியாக அமைத்துக்கொள்ளட்டும். ஊரில் வெள்ளம் ஏறிய பழைய குறிக்கு மேலே அதன் தரை இருக்கவேண்டும். மூலைகளில் அடித்தளம் முதல் மேல்தளம் வரை கம்பி ஓடவேண்டும். கொத்தனார்கள் பெல்ட் என்று சொல்லும் கான்கிரீட் பட்டை நான்கு சுவரையும் சுற்றி வரவேண்டும். தளத்தின் கம்பி அவற்றோடு பிணைக்கப்பட வேண்டும். கதவு உட்புறமாகத் திறப்பது நல்லது. மரம் வெளியே விழுந்து அடைத்தாலும் திறக்கலாம். செலவு கூடும் என்பார்கள். கூடத்துக்குப் பளிங்குக்கல் வாங்கும்போது அந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை!

குடிநீர், மின்கல விளக்கு, சிறு வானொலி, மருந்து, பட்டாவும் குடும்ப அட்டையும் வைத்த நெகிழிப்பை ஆகியவை அவ்வறையில் இருக்கட்டும். காற்று திடீரென்று ஓய்ந்தால் வெளியே வந்துவிடாதீர்கள். புயலின் கண் கடக்கும் அமைதியாக அது இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையினின்று அதே வேகத்தில் காற்று திரும்பும். கடலோரத்தார்க்கு இவ்வறையும் போதாது. கடல் ஏறிவரும் என எச்சரிக்கை வந்தால், வீட்டை விட்டு அரசின் பாதுகாப்பு மையத்துக்குச் செல்வதே வழி.

அவ்விளைஞரின் பெற்றோர் கார்த்திகைக்கு முன் அறையைக் கட்டி முடித்தனர். அதன் சாவி இரண்டு. ஒன்று எதிர்ப்புறக் கீற்றுக்குடிசையில் வாழும் அம்மாளிடம் இருக்கிறது.