ஏறிவரும் நடைபயணிகள், இறங்கிப்போகும் உழவர்கள்

புது தில்லி: செப்டம்பர் இறுதியில் பருவமழை விடைபெற்றதும், தலைநகரின் ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் வெள்ளிக்கிழமை இரவுகளில் கூட்டம் கூடிவிடும். முதுகுப் பையும் ஊன்றுகோலுமாக உத்தரகண்ட் பேருந்துகளில் இடம் பிடிப்பவர்கள் மலைநடைக்குப் புறப்பட்ட நகரத்து இளைஞர்கள். கீழிறங்கி வரும் அதே பேருந்துகளில் வேறு ஒரு கூட்டம் வந்து சேர்கிறது. உணவக வேலைக்கும் காவலாளி வேலைக்கும் வாகனம் ஓட்டவும் தில்லிக்கு வரும் மலைக் கிராமத்து இளைஞர்கள் அவர்கள். இவ்விரு பயணங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை மாநிலத்தின் சுற்றுலாத் துறையும் வேளாண்மைத் துறையும் இன்னும் ஒரே கோப்பில் எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தமிழகத்தில் ஐப்பசி என்றால் அடைமழை. இமயத்தின் இப்பகுதியிலோ அது வானம் துலங்கும் காலம். மழை தூசியைக் கழுவிச் சென்றிருக்கும். பனி இன்னும் வழிகளை மூடியிருக்காது. செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரையிலான சுமார் எட்டு வாரங்கள், பனிச் சிகரங்களைத் தெளிவாகக் கண்டபடி நடப்பதற்கு ஆண்டிலேயே மிகச் சிறந்தவை. ஆனால் அதே வாரங்கள்தாம் சிறு உழவர்களுக்கு ஆண்டின் மிகக் கடினமான வாரங்களும். நம் புரட்டாசிக்கு நேரான மாதத்தை குமாவுன் மக்கள் 'அசோஜ்' என்கின்றனர். அறுவடை, கதிரடிப்பு, குளிர்காலத் தீவனம், அடுத்த விதைப்புக்கான உழவு என எல்லா வேலையும் இந்த மாதத்திலும் அதை அடுத்த சில வாரங்களிலும் வந்து குவிகின்றன.

மாநில நிலப்பரப்பில் 86 விழுக்காடு மலைப்பகுதி. அங்கு நிலத்தை ஏக்கரில் பேசுவோர் குறைவு. 'நாலி' என்பதே அளவு. ஒரு நாலி சுமார் 200 சதுர மீட்டர். தமிழகக் கணக்கில் ஏறத்தாழ ஐந்து சென்ட். இருபது நாலி வைத்திருப்பவரிடம் ஓர் ஏக்கர் இருக்கிறது என்று பொருள். அந்த ஓர் ஏக்கரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஓடைக்கரையில் இரண்டு படி, வீட்டின் பின்புறம் ஒரு படி, மேலே காட்டோரம் நான்கு படி எனச் சிதறிக் கிடக்கும். தலைமுறை தலைமுறையாகக் கல்லடுக்கிக் கட்டிய படிவயல்கள் இவை. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு ஏர் சுமந்து ஏறுவதே பாதி வேலை. டிராக்டர் நுழைய வழியில்லை.

விளைவதோ தமிழ் வாசகர் நன்கறிந்தவை. 'மண்டுவா' என்பது நம் கேழ்வரகு. 'ஜங்கோரா' குதிரைவாலி. 'கஹத்' கொள்ளு. இவற்றோடு ராஜ்மா, உளுந்து, கறுப்பு சோயா எனப் பல பயிர்களை ஒரே வயலில் கலந்து விதைக்கும் முறைக்குப் 'பாரானாஜா', அதாவது பன்னிரு தானியம், என்று பெயர். மழை தவறினாலும் ஏதாவது ஒன்று கைகொடுக்கும் என்பதே இதன் கணக்கு. இந்த வயல்களில் சோயாவைத் தனிப்பயிராகப் புகுத்த அரசு முனைந்தபோது, 1980களின் பிற்பகுதியில் டெஹ்ரி மாவட்டத்தின் ஜர்தார்காவைச் சேர்ந்த விஜய் ஜர்தாரியும் அவரைச் சார்ந்தோரும் 'பீஜ் பச்சாவ் அந்தோலன்' என்ற விதை காக்கும் இயக்கத்தைத் தொடங்கினர். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது தில்லி விருந்துகளில் பரிமாறப்பட்ட பெருமை, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வயல்களில் காக்கப்பட்டதுதான்.

அறுவடையைவிடக் கடுமையானது புல் வேலை. குளிர்காலம் முழுவதும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி வேண்டும். செங்குத்தான சரிவுகளில் நின்று பெண்கள் புல் அறுக்கின்றனர். காயவைத்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்து, மரத்தைச் சுற்றிப் போராக அடுக்குகின்றனர். சரிவில் கால் தவறி விழுந்து இறப்பவர்களைப் பற்றிய செய்திகள் உள்ளூர் நாளேடுகளில் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. இதே வாரங்களில்தான் வழிகாட்டியாகவும் சமையற்காரராகவும் கோவேறு கழுதை ஓட்டுபவராகவும் ஆண்களுக்கு மலைநடை முகாம்களில் வேலை கிடைக்கிறது. ரொக்கக் கூலியை விட முடியாது. எனவே வயலின் சுமை முழுவதும் பெண்கள் மேல் விழுகிறது. முகாமில் தேநீர் நீட்டும் கைக்குப் பின்னால், அவர் வீட்டு வயலில் அன்று இரட்டை வேலை பார்க்கும் இன்னொரு கை இருக்கிறது. நடைபயணிகளில் மிகச் சிலரே அதை அறிவர்.

இந்தச் சமன்பாடு பல கிராமங்களில் ஏற்கெனவே முறிந்துவிட்டது. 2001-க்கும் 2011-க்கும் இடையே அல்மோரா, பௌரி கட்வால் ஆகிய இரு மாவட்டங்களில் மக்கள்தொகையே குறைந்தது. 2017-இல் மாநில அரசு அமைத்த இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் அளித்த அறிக்கையின்படி, பத்து ஆண்டுகளில் 1,18,981 பேர் நிரந்தரமாகவும், 3,83,726 பேர் அவ்வப்போது ஊர் திரும்பும் வகையிலும் வெளியேறியிருந்தனர். 2011-க்குப் பிறகு மட்டும் 734 குடியிருப்புகள் ஆளற்றுப் போயின. வெளியேறியவர்களில் பாதிப் பேர் சொன்ன காரணம் வேலையின்மை. அடுத்தடுத்த காரணங்கள் கல்வியும் மருத்துவமும். தனி மாநிலம் கேட்டுப் போராடியபோது மலை மக்கள் சொன்ன குறைகளும் இவையே. 2000 நவம்பர் 9-இல் மாநிலம் கிடைத்தது. 'மணியார்டர் பொருளாதாரம்' என்ற பழைய பெயர் மட்டும் போகவில்லை.

ஒரு குடும்பம் வெளியேறினால் அதன் வயல் மட்டும் தரிசாவதில்லை. புதர் மண்டுகிறது, புதரில் காட்டுப்பன்றி தங்குகிறது, பக்கத்து வயல் அழிகிறது. இரவுக்காவலுக்கு ஆளில்லாத முதியவர் அடுத்த ஆண்டு விதைப்பதை நிறுத்துகிறார். 2016-இல் மத்திய அரசு உத்தரகண்டில் காட்டுப்பன்றியை ஓராண்டுக்குத் தீங்குயிரியாக அறிவித்துச் சுட அனுமதித்தது. சுடுவதற்கு ஊரில் ஆள் வேண்டுமே என்று கேட்பார் இல்லை. வயலோடு வழியும் போகிறது. நடைபயணிகள் நடக்கும் தடங்கள் பொறியாளர் போட்டவை அல்ல. ஆடு ஓட்டியவர்களும் புல் சுமந்தவர்களும் போட்டவை. அவர்கள் நடப்பது நின்றால் சரிந்த கல்லை எடுத்து வைக்கவும் ஆளிருக்காது.

வயலும் மலைநடையும் ஒன்றாகக் கெடும் என்பதற்கு சமோலி மாவட்டத்தின் லாதா கிராமமே நாடறிந்த சான்று. ஜோஷிமடத்துக்கு அப்பால் நீதிப் பள்ளத்தாக்கில் அமைந்த இவ்வூர், போட்டியா மக்களுடையது. திபெத்துடனான பழைய வணிகம் 1962 போரோடு அறுந்தது. பிறகு எஞ்சியவை சிறு வயல், ஆட்டு மந்தை, மலையேறுவோருக்குச் சுமை தூக்கும் வேலை ஆகியவையே. 7,816 மீட்டர் உயர நந்தாதேவிக்குச் செல்லும் வழியில் இருந்ததால், 1970களில் வெளிநாட்டுக் குழுக்கள் குவிந்தபோது ஊருக்கு வருமானம் வந்தது. மலைக்குக் குப்பையும் வந்தது. 1982-இல் நந்தாதேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டு உட்பகுதி மூடப்பட்டது. மலையேறுவோரைத் தடுத்த அதே உத்தரவு, கோடையில் ஆடுகள் மேய்ந்த புல்வெளிகளையும் மூலிகை சேகரித்த சரிவுகளையும் உழவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. குப்பை போட்டவர்கள் வேறு மலைக்குப் போனார்கள். லாதாவுக்கு வேறு மலை இல்லை.

இத்தனைக்கும் 1974 மார்ச் 26-இல் கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்து நின்ற ரேணி கிராமம், லாதாவுக்கு அண்டை ஊர்தான். காட்டைக் காத்த ஊர்களே காட்டுக்கு ஆபத்தானவை என அரசு நடத்தியதை அம்மக்கள் ஏற்கவில்லை. 1998-இல் 'ஜப்தோ சீனோ', அதாவது 'பாய்ந்து பறி', என்ற முழக்கத்துடன் லாதாவிலிருந்து மக்கள் பூங்காவின் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்தனர். 2001 அக்டோபர் 14-இல் லாதா கிராமசபை ஒரு பிரகடனத்தை நிறைவேற்றியது. சுற்றுலாவே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. தங்கள் பகுதியின் சுற்றுலாவைத் தாங்களே நடத்துவோம், வெளியார் ஏகபோகம் கூடாது, பெண்களுக்கும் நலிந்தோருக்கும் சம பங்கு வேண்டும் என்பதே அதன் சாரம். 2003-இல் பூங்காவின் ஒரு பகுதி கட்டுப்பாடுகளுடன் மலைநடைக்குத் திறக்கப்பட்டது. அதன்படி லாதாவிலிருந்து காட்டு வழியே லாதா கரக் புல்வெளிக்கும் அதற்கு மேலும் ஏறும் பாதை அனுமதிக்கப்பட்டது.

அந்த வெற்றியும் அரைகுறையே. வன உரிமைச் சட்டம் 2006-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியும், உரிமைப் பட்டாக்களை மிகக் குறைவாக வழங்கிய மாநிலங்களுள் உத்தரகண்ட் ஒன்று. ஆடு நுழையக்கூடாது என்று காக்கப்பட்ட மலையின் அடிவாரத்திலே, ரிஷிகங்கை ஆற்றில் நீர்மின் நிலையம் எழ அனுமதி கிடைத்தது. 2021 பிப்ரவரி 7-இல் பாறையும் பனியும் சரிந்து வந்த வெள்ளம் ரேணியில் அந்த நிலையத்தை அழித்து, தபோவனத்தில் சுரங்கத்தை மூடியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற் போயினர்.

சமோலியிலேயே மறுபக்கத்தில், வாண் கிராமத்துக்கு மேலே அலி, பேத்னி எனும் புல்வெளிகள் உள்ளன. 'புக்யால்' எனப்படும் இவை 3,300 மீட்டருக்கு மேல் அமைந்தவை. ரூப்குண்ட் ஏரிக்குச் செல்லும் புகழ்பெற்ற தடம் இவற்றின் வழியாகவே சென்றது. ஆண்டுக்கு ஆண்டு கூடாரங்கள் பெருகி, புல்தரை மிதிபட்டு, மண் அரிக்கத் தொடங்கியதும் நீதிமன்றத்தை நாடியது உள்ளூர்ப் பாதுகாப்புக் குழுவே. 2018 ஆகஸ்டில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம், புக்யால்களில் இரவு தங்கத் தடை விதித்து, வருவோர் எண்ணிக்கைக்கு 200 என வரம்பிட்டது. வணிக நோக்கிலான மேய்ச்சலையும் தடுத்தது. உள்ளூர் மேய்ப்பர்களுக்கு மட்டும் எண்ணிக்கை வரம்புடன் இடமளித்தது.

புல்வெளிக்கு இது நல்லதே. மிதிபட்ட உயர்மலைப் புல்தரை மீண்டெழப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் இலையுதிர்காலக் கூலியை நம்பியிருந்த வழிகாட்டிகளும் கழுதைக்காரர்களும் ஒரே உத்தரவில் வேலை இழந்தனர். நகரத்து மலைநடை நிறுவனங்கள் விளம்பரத்தில் வேறு தடத்தின் பெயரைப் போட்டுக்கொண்டன. நந்தாதேவியில் 1982-இல் நடந்ததே இங்கும் நடந்தது: கெடுத்தவர் நகர்ந்துவிட, இருப்பவர் விலை கொடுத்தார். எத்தனை பேர் வரலாம், எங்கே தங்கலாம் என்பதைத் தீர்மானிக்க உள்ளூரில் அமைப்பு இல்லாமலில்லை. 1921-இல் காடுகள் பறிக்கப்பட்டதை எதிர்த்துக் குமாவுன் மக்கள் கிளர்ந்தெழுந்ததன் விளைவாக, 1931-இல் சட்டவடிவம் பெற்ற 'வன பஞ்சாயத்து' எனும் ஊர்க்காட்டு மன்றங்கள் இன்றும் 11,000-க்கு மேல் உள்ளன. நுழைவுக் கட்டணமும் கூடார அனுமதியும் அவற்றின் கையில் இருந்தால் புல்லும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும். வனத்துறை அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளுமா என்பதுதான் அங்குள்ள அரசியல்.

விருந்தினர் இல்லங்களுக்கு மானியம் தரும் திட்டம் 2018-இல் வந்தது. எல்லையோரக் கிராமங்களுக்கான மத்திய அரசின் 'துடிப்பான கிராமங்கள்' திட்டத்தின் முதல் கட்டத்தில் உத்தரகண்டின் 51 ஊர்கள் சேர்க்கப்பட்டன. இரண்டும் வரவேற்கத்தக்கவை. எனினும் விருந்தினர் அறை கட்டுவதற்குக் கிடைக்கும் கவனம், அவர் தட்டில் விழும் கேழ்வரகு ரொட்டிக்குக் கிடைக்கவில்லை. முகாம்களில் பெரும்பாலும் சமவெளியிலிருந்து ஏற்றிவந்த அரிசியும் நூடுல்ஸுமே வேகின்றன. ராஜ்மாவும் கொள்ளும் விளைந்த வயலைக் கடந்துதான் அந்த மூட்டைகள் மேலே போகின்றன.

நிலத்தின் கதை இன்னும் சிக்கலானது. மலை மாவட்டங்களில் தொழில் தேவைக்கு வெளியார் வாங்கும் நிலத்துக்கு இருந்த 12.5 ஏக்கர் வரம்பை 2018-இல் மாநில அரசு நீக்கியது. சாலையோரப் படிவயல்கள் விடுதிகளாகும் என்ற அச்சம் எழுந்து, நிலச்சட்டம் கேட்டுப் பேரணிகள் நடந்தன. 2025 பிப்ரவரியில் பேரவை நிறைவேற்றிய திருத்தம், ஹரித்வார், உதம்சிங் நகர் நீங்கலாக 11 மாவட்டங்களில் வெளிமாநிலத்தவர் வேளாண் நிலமும் தோட்ட நிலமும் வாங்கத் தடை விதித்தது. விற்பனை நின்றாலும் உழவு தொடங்கிவிடாது. 'கோல் காதா' எனப்படும் கூட்டுப் பட்டாவில் பல வயல்கள் இன்றும் பாட்டனார் பெயரிலேயே உள்ளன; பங்காளிகள் தில்லியிலும் டேராடூனிலும் மும்பையிலும் இருக்கின்றனர். ஊரில் தங்கிவிட்ட ஒருவர் அந்தத் தரிசைக் குத்தகைக்கு எடுக்கவோ, சிதறிய படிகளை மாற்றி ஒன்றுசேர்க்கவோ எல்லோரின் கையெழுத்தும் வேண்டும். மலைப்பகுதி நில ஒருங்கிணைப்புக்கான சட்டம் 2016-இலேயே நிறைவேறியது. அக்டோபரில் நடைபயணிகள் புகைப்படம் எடுக்கும் பொன்னிறப் படிகளில், எது கதிர், எது தரிசில் வளர்ந்த காட்டுப்புல் என்பதைத் தொலைவிலிருந்து பிரித்தறிவது கடினம்.