நியமனத்துக்கு அடங்குகையும் இளையபெருமாளும்

குலசேகரப் பெருமாள் திருவேங்கடமுடையான் ஸந்நிதியில் வாசற்படியாக இருக்க ஆசைப்பட்டார். அடியாரும் வானவரும் ஏறி இயங்கும் கல்லாக இருக்கவேண்டும். அந்தக் கல் எம்பெருமானுடைய திருவதரத்தைக் கண்டுகொண்டும் இருக்கவேண்டும். இதில் ஒரு முரண் தோன்றும். கல்லுக்குக் கண் ஏது? நம் பூர்வர்கள் இதை முரணாகக் கொள்ளவில்லை. படியென்றதாலே அசித்தைப்போலே பரதந்த்ரனாய் இருக்கையும், காண்கை என்றதாலே சைதந்யம் அழியாது நிற்கையும் சொல்லிற்றென்று இரண்டையும் ஒருசேர நிர்வஹித்தார்கள்.

இவ்விரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்தால் பாரதந்த்ர்யம் என்ற சொல்லே பிழைபட்டுவிடும். ‘பெரியவர் சொன்னார், செய்தேன், நன்மை தீமை எனக்குத் தெரியாது’ என்று ஒதுங்கி நிற்பவனையும் பரதந்த்ரன் என்று கொண்டாடும் வழக்கம் எங்கும் உண்டு. அவன் படியாகவும் இல்லை, காணவும் இல்லை. படியாகக் கிடக்கும் கல் ‘என்னை இட்டவர் இன்னார்’ என்று சாக்குச் சொல்வதில்லை அன்றோ? இவனுடைய மனநிலையை அறிய ஸ்ரீராமாயணத்தில் மாரீசனைப் பார்க்கவேண்டும்.

மாரீசன் அறியாதவன் அல்லன். விச்வாமித்ரருடைய வேள்வியில் பெருமாளின் அம்பு அவனை நூறு யோஜனைக்கு அப்பால் கடலில் தள்ளிற்று. பின்பு தண்டகாரண்யத்தில் மிருக வடிவில் எதிர்த்துத் தோழர் இருவரை இழந்து தப்பினான். ரத்நம், ரதம் என்று ரகரத்தில் தொடங்கும் சொல்லைக் கேட்டாலே நடுங்கும் அளவுக்கு அவனுக்குப் பெருமாளைத் தெரியும். ராவணன் முதலில் வந்தபோது நல்வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பினான். சூர்ப்பணகையின் சொல் கேட்டு இரண்டாம் முறை வந்தபோதும், இதனால் இலங்கையே அழியும் என்று மறைக்காமல் சொன்னான். ராவணன் ‘செய்யாவிடில் இப்போதே கொல்வேன்’ என்றான். அப்போது மாரீசன் ஒரு கணக்குப் போட்டான்: இரண்டு பக்கமும் சாவு, ஆகில் இவன் கையால் சாவதைவிட ராமன் கையால் சாவது மேல். இந்தத் துணிவைப் புகழ்வாரும் உண்டு. ஆனால் அக்கணக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். ராவணன் இருக்கிறான், பெருமாள் இருக்கிறார், மாரீசன் இருக்கிறான், பிராட்டி இல்லை. தன் செயலால் துன்பப்படப்போகிறவள் அவன் எண்ணத்தில் இடம்பெறவே இல்லை. கட்டளையிட்டவனுக்கும் தனக்கும் இடையே மட்டும் வழக்கை முடித்துக்கொண்டான். அச்சத்தால் அடங்குகிறவன் மனம் செய்யும் வேலை இதுவே. (கும்பகர்ணன் நிலை வேறு. அவனை அடக்கியது நன்றி. அதைத் தனியே எழுதவேண்டும்.)

இனி இளையபெருமாள் திறத்துக்கு வருவோம். சேஷத்வத்துக்கு இளையபெருமாளும், பாரதந்த்ர்யத்துக்கு ஸ்ரீபரதாழ்வானும் நிதர்சனம் என்பது நம்மவர் அறிந்தது. பெருமாள் ‘நில்’ என்றபோதும் நில்லாமல் மன்றாடி உடன்சென்றவர் ஒருவர். உடன்போக வேண்டித் தொழுதும், ‘திரும்பு’ என்றபோது பாதுகைகளைத் தலையில் தாங்கித் திரும்பினவர் மற்றொருவர். இளையபெருமாளுக்கு நியமனம் எளிதில் அமைந்ததேயில்லை. கௌஸல்யையின் மாளிகையில், வழிதவறின தகப்பனாரை அடக்கினால் தகும் என்றுவரை பேசினவர் அவர். அதற்குப் பெருமாள், தந்தை சொல்லால் பசுவைக் கொன்ற கண்டு மஹர்ஷியையும், பூமியைத் தோண்டி மாண்ட ஸகர புத்ரர்களையும், தாயை வெட்டின பரசுராமனையும் எடுத்துக்காட்டினார். கேட்பார்க்கு உறுத்தும் உதாஹரணங்கள்தாம். ஆயினும் ஒன்று குறிக்கொள்ளத் தக்கது. அன்று பெருமாள் தம்முடைய கீழ்ப்படிதலால் இழந்தது தம்முடைய ராஜ்யத்தை.

பஞ்சவடியில் அவருக்கு இரண்டு நியமனங்கள் எதிரெதிரே நின்றன. ‘பிராட்டியைக் காத்திரு’ என்று பெருமாள் சொல்லிப் போனார். ‘போ’ என்று பிராட்டி கடுஞ்சொல் சொன்னாள். கடைசியில் போனார். அதற்காகப் பின்னர்ப் பெருமாள் கடிந்துகொண்டார். அவரைத் தம் நிலையிலிருந்து பெயர்த்த குரல் எது? பெருமாள் குரலில் ‘ஸீதே, லக்ஷ்மணா’ என்று கூவிய மாரீசன் குரல். அச்சத்தால் அடங்கினவன் ஒருவனுடைய கீழ்ப்படிதல், அன்பால் அடங்கினவர் ஒருவருடைய கீழ்ப்படிதலைக் குலைத்த இடம் அது.

எல்லாவற்றிலும் கடினமான இடம் உத்தரகாண்டத்தில் இருக்கிறது. ஊரார் பேச்சைக் கேட்ட பெருமாள் தம்பிமார் மூவரையும் அழைத்து, இடையில் மறுத்துப் பேசுபவர் தமக்குப் பகைவர் என்று வாயடைத்துவிட்டே ஆணையைச் சொன்னார். மறுநாள் காலையில் இளையபெருமாள் பிராட்டியைத் தேரில் ஏற்றினார். கங்கைக்கரை ஆச்ரமங்களைக் காண அவளே ஆசைப்பட்டிருந்தாள். அந்த ஆசை நிறைவேறுகிறதென்றே அவள் எண்ணினாள். கங்கைக்கரையில் இளையபெருமாள் கதறினார். உலகம் பழிக்கும் இச்செயலில் ஏவப்படுவதைவிடச் சாவு நல்லது என்றார். திரும்பும் வழியில் சுமந்த்ரனிடம், ஊராரின் புன்சொல்லுக்காக இதைச் செய்து என்ன தர்மத்தை அடைந்தார் என்றும் கேட்டார். ஆக, காணும் கண் அவருக்கு மூடவில்லை. ஆனாலும் ஆணையை நிறைவேற்றினார்.

பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் பிராட்டியின் மூன்று பிரிவுகளில் நடுவிலதான இப்பிரிவு அவளுடைய பாரதந்த்ர்யத்தை வெளியிடுகைக்காக என்று நிர்வஹித்தார். கங்கையில் விழுந்து உயிர்விடக்கூடியவள், வயிற்றிலிருக்கும் வம்சத்துக்காகப் பொறுத்திருந்தாள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்நிர்வாஹத்தின் ஆழம் விளங்கும். பிராட்டிக்கு அது பொருந்தும். துன்பத்தைச் சுமந்தவள் அவள். இளையபெருமாளுக்கு அதே சொல்லைக் கொடுத்து இவ்விடத்தைக் கடந்துவிட முடியாது. அடங்கினவர் அவர், அதன் பாரம் விழுந்தது வேறொருவர்மேல். இதெல்லாம் முன்பே துர்வாஸர் சொன்னது என்று சுமந்த்ரன் ரஹஸ்யத்தை வெளியிட்டுத் தேற்றினான். தேறினார் என்றே வால்மீகி பகவான் சொல்கிறார். ஆனால் கேள்வி அங்கே அடைபட்டதாகத் தோன்றவில்லை. அவதாரம் முடியும் தறுவாயில் அது மறுபடி எழுகிறது, அதே துர்வாஸரைக் கொண்டே.

காலன் தபஸ்வி வடிவில் வந்து பெருமாளோடு தனித்துப் பேசினான். இடையில் புகுபவன் கொல்லப்படவேண்டும் என்பது நிபந்தனை. காவலனை விலக்கி இளையபெருமாளையே வாசலில் நிறுத்தினார் பெருமாள். துர்வாஸர் வந்து, உடனே அறிவிக்காவிடில் நாட்டையும் நகரையும் உங்கள் குலத்தையும் சபிப்பேன் என்றார். இப்போதும் இருபுறமும் அழிவு. மாரீசனுக்கு நேர்ந்த அதே நெருக்கடி. ஆனால் இளையபெருமாள் எண்ணினது வேறு. எல்லாரும் அழிவதைவிடத் தாம் ஒருவர் மாள்வது நன்று என்று முடிவுசெய்து ஆணையை மீறி உள்ளே சென்றார். துர்வாஸர் கேட்டதோ ஒருவேளை அன்னம். உண்டு போனார். பின்பு பெருமாள் தளர்ந்து நின்றபோது, தயங்காமல் என்னைத் தண்டித்து ப்ரதிஜ்ஞையைக் காத்தருளவேண்டும் என்று விண்ணப்பம் செய்தவரும் அவரே. ஆணையை மீறினார், ஆணையிட்டவருடைய அதிகாரத்தை மறுக்கவில்லை. தியாகமும் வதமும் ஒக்கும் என்று பெருமாள் கைவிட, ஸரயூ தீரத்தில் மூச்சை அடக்கினார்.

இளையபெருமாளே இளையாழ்வாராக அவதரித்தார் என்று கொள்ளும் நம் மரபில், திருக்கோட்டியூர் வ்ருத்தாந்தத்தை இதனோடு சேர்த்து அநுபவிப்பது தகும். பதினெட்டு முறை நடந்து பெற்ற அர்த்தத்தை, வேறொருவர்க்கும் சொல்லலாகாதென்ற நம்பியின் ஆணையைக் கடந்து பலருக்கும் வெளியிட்டார் உடையவர். நம்பி அழைத்து, ஆசார்ய ஆணையை மீறினதற்குப் பலன் எது என்று கேட்டார். உடையவர் அது ஆணையே அன்று என்று வாதிக்கவில்லை. தமக்கு விலக்கு உண்டென்றும் சொல்லவில்லை. நரகமே பலம் என்று தாமே சொல்லி, இத்தனை பேர் உய்யத் தாம் ஒருவர் அங்கே போகலாம் என்றார். வாசலில் நின்ற இளையபெருமாளின் எண்ணமே இது. நம்பி தழுவிக்கொண்டு ‘எம்பெருமானார்’ என்று திருநாமம் சாற்றினார்.

அதற்குப் பிறகும் உடையவர் நம்பியின் நியமனத்தை விட்டு விலகவில்லை. நம்பி காட்டிக்கொடுத்த திருமாலையாண்டானிடமே திருவாய்மொழிப் பொருள் கேட்டார். கேட்கும்போதே, இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியில், ஒரு பாட்டை ஆழ்வாருடைய முறையீடாக ஆண்டான் உரைக்க, முன்னும் பின்னும் உள்ள பாட்டுகள் உவகையாய் இருப்பதைக் காட்டி, சொற்களை மாற்றிக் கூட்டி, அது செய்ந்நன்றிப் பாசுரம் என்று விண்ணப்பம் செய்தார். ஆண்டான் வருந்திக் காலக்ஷேபத்தை நிறுத்தினார். நம்பியே எழுந்தருளி, ஸாந்தீபநியிடம் கண்ணன் ஓதினதற்கு ஒப்பு இது என்று சொல்லி மறுபடி தொடங்கி வைத்தார். ஈட்டை எடுத்து வைத்துக்கொண்டால் ஆண்டான் நிர்வாஹமும் எம்பெருமானார் நிர்வாஹமும் ஒன்றையொன்று அழிக்காமல் அடுத்தடுத்து நிற்பதை இன்றும் காணலாம்.