தையல் பிரித்த பிறகும் தொடரும் ஆபத்து

தலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஸ்கேனில் ரத்தக்கசிவு உண்டா, இல்லையா? இல்லையென்றால் நிம்மதி. தையல் பிரித்ததும் அந்தச் சம்பவமே மறந்துவிடும். ஆனால் அடிபட்டவருக்கு அடுத்த சில ஆண்டுகளில் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போது பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. தைவானின் தேசிய மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தலைக்காயம் பட்ட 23,199 பேரையும் படாத 69,597 பேரையும் அது ஒப்பிட்டது. முதல் மூன்று மாதங்களில் அடிபட்டவர்களில் 2.91 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது, மற்றவர்களில் 0.30 சதவீதம் பேருக்கே வந்தது. பத்து மடங்கு வித்தியாசம். ஐந்தாண்டுக் கணக்கில் அது சுமார் 2.3 மடங்காகத் தணிந்ததே தவிர, மறையவில்லை.

இந்தப் பத்து மடங்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. பிரஷர், சுகர், குடிப்பழக்கம் உள்ளவர்கள் விழுந்து அடிபடுவதும் அதிகம், பக்கவாதத்துக்கு ஆளாவதும் அதிகம். சிலர் பக்கவாதம் வந்ததால்தான் விழுந்தே இருப்பார்கள். அடியால் ஏற்பட்ட கசிவு பக்கவாதக் கணக்கில் சேர்ந்திருக்கவும் கூடும். கலிஃபோர்னியாவில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு இந்தச் சந்தேகங்களுக்கு முகம் கொடுத்தது. தலைக்காயம் பட்ட 4,36,630 பேருக்கு எதிரே அது நிறுத்தியது ஆரோக்கியமானவர்களை அல்ல, உடம்பில் வேறு இடத்தில் அடிபட்டு வந்தவர்களை. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தை மட்டுமே எண்ணியது. ஒரு தரப்பில் 1.1 சதவீதம், மறு தரப்பில் 0.9. வயதையும் மற்ற நோய்களையும் கழித்துப் பார்த்தால் 31 சதவீதம் கூடுதல். பத்து மடங்கு எங்கே, இது எங்கே! ஆனால் இவ்வளவு கறாராகச் சலித்த பிறகும் எஞ்சி நிற்கிறது என்பதாலேயே இந்தச் சிறிய எண்ணை நான் அதிகம் நம்புகிறேன். 18 ஆய்வுகளைத் தொகுத்த 2021-ஆம் ஆண்டின் அலசலும் ஆபத்து இருப்பதை உறுதிசெய்தது. முதல் நான்கு மாதங்களில்தான் அது உச்சம்.

காரணங்களும் ஓரளவு தெளிவாகவே இருக்கின்றன. மோதலில் கழுத்து வெடுக்கென்று இழுக்கப்படும்போது, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நாள் கழித்துக்கூட ஒரு துணுக்கு மேலேறி அடைத்துவிடும். காயத்துக்காக நிறுத்திய ஆஸ்பிரினையோ வார்ஃபரினையோ திரும்பத் தொடங்காமல் விட்டுவிடுவதும் உண்டு. நீண்டகால ஆபத்துக்கு வேறொரு பாதை தெரிகிறது: அதற்குமுன் அந்த வியாதிகள் இல்லாதவர்களுக்கும், லேசான தலைக்காயத்துக்குப் பிறகுகூட, பிரஷரும் சுகரும் புதிதாக வருவது அதிகம் என்று பாஸ்டன் மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2022-இல் வந்த ஆய்வு காட்டியது.

நூற்றில் ஒருவருக்கு வருவதைச் சொல்லி எல்லோரையும் பயமுறுத்த வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம், வருடாவருடம் ஸ்கேன் எடுக்கச் சொல்வதும் வீண். தேவைப்படுவது பிரஷர் பார்ப்பதும், நிறுத்திய மாத்திரையை எப்போது தொடங்குவது என்று கேட்பதும்தான். தமிழ்நாட்டில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்தை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் பார்த்துக்கொள்கிறது. வீடு தேடி வந்து பிரஷர் பார்க்க ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. முதலாவதில் சிகிச்சை பெற்றவரின் பெயர் இரண்டாவதன் பட்டியலுக்குப் போனாலே பாதி வேலை முடிந்தது.

குடும்பத்தாருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வாய் கோணி, கை துவண்டு ஒருவரை அவசரமாகக் கொண்டுபோனால், நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். ஆனால் மூன்று மாதத்துக்குள் பலமான தலைக்காயம் பட்டவருக்கு அந்த ஊசியைப் பொதுவாகப் போடமாட்டார்கள். மூளைக்குள் ரத்தம் கசியும் அபாயம் அதிகம். குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கும் வழியை மருத்துவர்கள் யோசிக்க வேண்டியிருக்கும். நோயாளிக்கே பேச்சு குழறும் அந்த நேரத்தில், போன மாதம் பைக்கில் விழுந்ததைக் கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும்.