வீட்டிலேயே கட்டும் விமானம்: இன்ஜின் மூடியை அழகு பார்த்து வாங்கலாமா?

மே மாத மத்தியானம், ஒத்தக்கடை மெயின் ரோட்டில் டிராஃபிக்கில் நிற்கும் புல்லட் பைக்கின் இன்ஜின் பக்கம் காலைக் கொண்டு போக முடியாது. வண்டி நகர்ந்து காத்து பட்டால்தான் சூடு குறையும். சிறிய விமானங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஆனால் அங்கே இன்ஜினை ஒரு மூடி சுத்தி மூடியிருக்கும். அதற்குப் பெயர் கவ்லிங்.

இதெல்லாம் நம்ம ஊருக்கு எதுக்கு?

விமானி அமோல் யாதவ், மும்பையில் மொட்டை மாடியிலேயே 6 இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். அதை 2017-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ பதிவு செய்தது. ஆலப்புழாவைச் சேர்ந்த அசோக் தாமரக்‌ஷன், இங்கிலாந்தில் கொரோனா ஊரடங்கு காலத்தில் 4 இருக்கை கிட் விமானத்தைக் கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவன கிட்டில் கட்டிய விமானங்கள் மட்டும் 10,000-க்கு மேல் பறந்திருக்கின்றன. கிட்டோடு வரும் கவ்லிங்கை விட்டுவிட்டு, வேகமும் அழகும் கூடும் என்று வெளியில் வேறு வாங்குபவர்களும் உண்டு.

மூடிக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

1928-ல் அமெரிக்காவின் நாகா ஆய்வுக்கூடம் புது வடிவ கவ்லிங்கை உருவாக்கியது. அதைப் பொருத்தியதும் லாக்ஹீட் ஏர் எக்ஸ்பிரஸ் விமானத்தின் வேகம் மணிக்கு 157 மைலிலிருந்து 177 மைலானது. இன்ஜின் அதேதான்!

முன் துவாரம் பெரிசா இருந்தா போதுமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உள்ளே போன காற்று சூடாகி விரியும். அது வெளியேற வழி இல்லாவிட்டால், முன்னால் எவ்வளவு பெரிய துவாரம் வைத்தாலும் பயனில்லை. அதனால் வெளியேறும் வழியின் அளவை முதலில் பாருங்கள். அடுத்து, காற்றை சிலிண்டர்களுக்கு நடுவே தள்ளும் தகடுகளும் அவற்றின் ரப்பர் விளிம்பும். இதில் இடைவெளி இருந்தால் காற்று இன்ஜினைத் தொடாமலே நழுவிவிடும்.

மதுரை வெயிலில் என்ன ஆகும்?

லைகோமிங் ஓ-320, ஓ-360 இன்ஜின்களில் சிலிண்டர் தலையின் வெப்ப உச்சவரம்பு 260 டிகிரி செல்சியஸ். இன்ஜின் நீண்ட நாள் உழைக்க, சுமார் 205 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது. வெளியே வெப்பம் எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அதே அளவு சிலிண்டரிலும் கூடும். 15 டிகிரி குளிரில் 195 காட்டும் அமைப்பு, 40 டிகிரி வெயிலில் 220-ஐத் தொடலாம். போதாததற்கு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 450 அடி உயரத்தில் உள்ள மதுரையின் காற்று, அந்த வெயிலில் சுமார் 3,500 அடி உயரத்தில் இருப்பது போல மெலிந்துவிடும். மெலிந்த காற்று குளிர்விப்பதும் குறைவு, தூக்குவதும் குறைவு. முழு சக்தியில், குறைந்த வேகத்தில் மேலே ஏறும் அந்த சில நிமிடங்கள்தான் உண்மையான பரீட்சை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* உங்கள் இன்ஜின், உங்கள் புரொப்பல்லர், அதன் முன்கூம்பு மூன்றுக்கும் பொருந்துமா? சில மாடல்களுக்கு புரொப்பல்லரை முன்னே தள்ள தனி நீட்டிப்பு வேண்டும். அப்போது எடைச் சமநிலையும் மாறும்.
* புகைக்குழாய் பக்கத்தில் ஃபைபருக்கு வெப்பத் தடுப்பு உண்டா?
* தினமும் கழற்றிப் பார்க்க வசதியா? கழற்றச் சிரமமாக இருந்தால் சோதனை தள்ளிப்போகும்.
* என்ன நிறம்? கறுப்பு ஃபைபர் வெயிலில் நின்றாலே இளகலாம். வெள்ளையே பாதுகாப்பு.
* வெப்பமான ஊரில் பறந்தவர்களிடம் ஏறும்போது எடுத்த வெப்ப அளவுகள் இருக்கிறதா?

மாற்றிய பிறகு?

முதல் சில பயணங்களை அதிகாலைக் குளிரில், தனியாக, ஓடுபாதைக்கு மேலேயே வைத்துக்கொள்வது நல்லது. நான்கு சிலிண்டரின் வெப்பத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் எகிறினால் கோளாறு பெரும்பாலும் தகடுகளில்தான். பைக் சூடானால் ஓரமாக நிறுத்தி டீ குடிக்கலாம். வானத்தில் ஓரம் கிடையாது.