யானைக்குக் கவளம்

திருப்பூர் நகரில் பின்னல் இயந்திரங்களின் ஓசை எளிதில் ஓய்வதில்லை. நூலைத் துணியாக்கித் துணியைப் பனியனாக்கி உலகின் பல நாடுகளுக்கும் அனுப்பும் உழைப்பாளர் வாழும் நகரம் அது. அவர்கள் விடுமுறை நாளில் பெருஞ்செலவின்றி மனைவி மக்களுடன் சென்று மகிழ்ந்து வருதற்குரிய இடங்களுள் ஒன்று டாப்சிலிப். அங்கே யானைகள் கவளம் உண்ணும் காட்சியைக் காணலாம். அக்காட்சி கண்ணுக்கு இன்பம் தருவது, கருத்துக்கும் விருந்தாவது. நாமும் அங்குச் சென்று வருவோமா?

திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாகப் பொள்ளாச்சியை அடைந்து, அங்கிருந்து ஆனைமலை, சேத்துமடை ஆகிய ஊர்களைக் கடந்தால் மலைப்பாதை தொடங்கும். ஆங்கிலேயர் காலத்தில் இம்மலையின் தேக்கு மரங்களை வெட்டி, உச்சியிலிருந்து சரிவின் வழியே கீழே விட்டனர். மேலிருந்து நழுவ விடும் இடம் என்னும் பொருளில் எழுந்த ஆங்கிலப் பெயரே டாப்சிலிப் என்பது. வெட்டிய மரங்களை இழுத்துச் சேர்க்கும் கடும்பணியை அந்நாளில் யானைகள் செய்தன. இன்று அப்பணி இல்லை. அக்காடு ஆனைமலைப் புலிகள் காப்பகமாகப் பேணப்படுகிறது. திருப்பூர் மாவட்டத்து உடுமலைப் பகுதிக் காடுகளும் அக்காப்பகத்தைச் சேர்ந்தவையே.

டாப்சிலிப்பிலிருந்து வனத்துறையின் ஊர்தியில் சென்றால் கோழிகமுத்தி யானை முகாமை அடையலாம். மலசர் என்னும் பழங்குடியினர் அங்கு வாழ்கின்றனர். யானையைப் பழக்கும் கலை அவர்களிடையே தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வருகிறது. பாகருக்குத் துணையாக இருப்பவரைக் 'காவடி' என்பர். யானைகள் இரவில் காட்டில் மேயும். காலையில் பாகர்கள் அவற்றைத் தேடி அழைத்து வந்து, நீரில் படுக்க வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவர். அதன் பின்னரே உணவு.

முகாமின் சமையற்கூடத்தில் கேழ்வரகு, அரிசி, கொள்ளு ஆகியவை வேக வைக்கப்பெறும். அவற்றோடு வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து பெரிய உருண்டைகளாக்குவர். இவ்வுருண்டைக்கே கவளம் என்று பெயர். யானைகள் வரிசையாக வந்து நிற்கும். பாகர் குரல் கொடுத்ததும் யானை துதிக்கையை உயர்த்தி வாயைத் திறக்கும். அவர் கவளத்தை உள்ளே வைப்பார். பேருடல் படைத்த விலங்கு ஒரு குழந்தையைப் போலக் காத்து நின்று உண்பதைக் காண்போர் உள்ளம் உருகும்.

கவளம் மட்டுமே யானையின் உணவு என்று எண்ணுதல் கூடாது. வளர்ந்த யானை ஒன்று நாள்தோறும் ஏறத்தாழ 150 கிலோ பசுந்தீவனம் உண்ணும். உண்டதில் பாதிக்கும் குறைவாகவே அதற்குச் செரிக்கும். ஆதலின் அது நாளின் பெரும்பகுதியை மேய்வதிலேயே கழிக்கிறது. யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கும். ஆறாம் முறை முளைத்தவையும் தேய்ந்து போனால், முதிய காட்டு யானை நாருள்ள உணவை மெல்ல இயலாமல் மெலியும். முகாமில் வாழும் முதிய யானைக்கோ மென்மையான கவளம் துணையாகிறது. ஒவ்வொரு யானையின் வயதையும் எடையையும் உடல்நிலையையும் ஆராய்ந்து, கால்நடை மருத்துவர் அதற்குரிய அளவை வகுக்கிறார்.

இதைக் காணும்போது, 'நாமும் ஒரு வாழைப்பழம் கொடுத்தால் என்ன?' என்னும் ஆசை எழுதல் இயல்பே. ஆயினும் அங்கே பாகர்களே உணவு ஊட்டுவர். நாம் விலகி நின்று காண வேண்டும். இதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. வருவோர் எல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தால், மருத்துவர் வகுத்த அளவு பயனற்றுப் போகும். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்கும், யானையிடமிருந்து மனிதருக்கும் பரவக்கூடியது. மேலும், எவ்வளவு பழகிய யானையாயினும் அதன் குறிப்பறிந்தவர் அதன் பாகரே, புதியவர் அறியார்.

பழகிய யானைக்கே இவ்வாறாயின், காட்டு யானைக்கு உணவு கொடுப்பதன் தீமையைச் சொல்லவும் வேண்டுமோ? நீலகிரி மாவட்டம் வாழைத்தோட்டம் பகுதியில் ரிவால்டோ என்று பெயரிடப்பட்ட காட்டு யானை ஒன்று இருந்தது. துதிக்கையில் காயமுற்ற அதன்பால் இரக்கம் கொண்டு சிலர் உணவு கொடுத்தனர். நாளடைவில் அது மனிதர் வாழும் இடத்தை விட்டு அகலவில்லை. 2021-ஆம் ஆண்டு மே மாதம் வனத்துறையினர் அதனை மரக்கூண்டில் அடைத்துச் சிகிச்சை அளித்தனர். ஆகஸ்டு மாதம் தொலைவிலுள்ள காட்டில் விட்டனர். அதுவோ மிக விரைவில் பழைய இடத்தை நோக்கியே திரும்பி நடந்தது! இரக்கத்தால் கொடுத்த உணவே அதன் இயல்பை மாற்றிவிட்டது.

முறையாக ஊட்டும் உணவுக்கும் முறையின்றிக் கொள்ளும் உணவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிசிராந்தையார் என்னும் புலவர் பாண்டியன் அறிவுடை நம்பிக்குக் கூறினார். சிறு நிலத்தில் விளைந்த நெல்லாயினும், அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலுள் புகுந்தாலோ, உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதியாகும். குடிமக்களிடம் வரி கொள்ளும் முறையை மன்னனுக்கு உணர்த்தக் கூறிய இவ்வுவமை புறநானூற்றில் உள்ளது.

அவ்வுவமையின் உண்மையைத் திருப்பூர் மாவட்டத்து உழவர் 2019-ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டனர். கோவையை அடுத்த தடாகம் பகுதியில் பிடிக்கப்பட்ட சின்னத்தம்பி என்னும் யானை டாப்சிலிப் காட்டில் விடப்பட்டது. அது காட்டில் தங்காது உடுமலைப் பகுதிக்கு நடந்து வந்து கரும்புத் தோட்டங்களில் புகுந்தது. உழவர் தம் உழைப்பின் பயனை இழந்தனர். பிப்ரவரி மாதம் கும்கி யானைகளின் துணையோடு பிடிக்கப்பட்ட சின்னத்தம்பி தன் விடுதலையை இழந்தது. விளைபயிரின் சுவை கண்ட யானையால் உழவர்க்கும் துன்பம். அந்த யானைக்கும் துன்பம்.

ஆதலால், மாணவர்களே, யானை முகாமுக்குச் சென்றால் பாகர் ஊட்டுவதைக் கண்டு மகிழுங்கள். காட்டுவழியில் யானை எதிர்ப்பட்டால் ஊர்தியிலிருந்து இறங்காதீர்கள். பழமோ தின்பண்டமோ எறியாதீர்கள். நெகிழிப் பைகளைக் காட்டில் விட்டு வாராதீர்கள். ஊட்டும் கையில் அன்பு மட்டும் இருந்தால் போதாது. அளவும் அறிவும் வேண்டும். பாகரின் கையில் அவை இருக்கின்றன. காட்டு யானைக்கு நாம் தரத்தக்க சிறந்த கவளம், அதன் காட்டை அதற்கே விட்டு வைப்பதுதான்.