தனிக்குடித்தனமா, கூட்டுக்குடும்பமா?

வீட்டில் அண்ணனுக்குத் திருமணம் ஆனதும் பெரியோர்கள் கூடிப் பேசும் பேச்சு ஒன்று உண்டு. எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பதா, அவர்களைத் தனிக்குடித்தனம் வைப்பதா என்பதே அது. மென்பொருள் எழுதுவோர் நடுவிலும் இதே பேச்சு நடக்கிறது என்று சொன்னால் தோழியர் பலர் நம்பமாட்டார்கள். இவ்வாண்டு எங்கள் கணிப்பொறி வகுப்பில் அது பல நாட்கள் நடந்தது. அதன் விவரத்தைப் பெற்றோரும் சிஸ்டர்களும் அறியும்படி இங்கே எழுதுகிறோம்.

கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பு நிரல் எனப்படும். அந்த நிரலைச் சேர்த்து வைக்கும் இடத்தைக் களஞ்சியம் என்கிறோம். நெற்களஞ்சியத்தில் நெல் வெறுமனே கிடக்கும். இந்தக் களஞ்சியமோ, எந்த வரியை யார், எந்த நாளில், எதற்காக மாற்றினார் என்பதையும் பதிவேடுபோல் காத்து வருகிறது. நாம் பயன்படுத்தும் 'கிட்' என்னும் களஞ்சிய முறையை லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் பணிக்காக எழுதத் தொடங்கினார். ஒரே களஞ்சியத்துக்குள் பத்துக் கோப்புகளைத் திருத்தினாலும் அதை ஒரே பதிவாக எழுதலாம். நுழைந்தால் பத்தும் நுழையும், இல்லையேல் ஒன்றும் நுழையாது. களஞ்சியம் இரண்டாகிவிட்டால் பதிவும் இரண்டாகிவிடும். முதல் பதிவுக்கும் இரண்டாம் பதிவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒரு பாதி புதியதாகவும் மறு பாதி பழையதாகவும் நிற்கும். தொல்லையெல்லாம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

இதை விளக்க நம் ஊர்ப்புறமே உதவுகிறது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பெற்றது. சைக்கிளுக்கு வேண்டிய எஃகுக் குழாய்க்கென்று 1955-இல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆலை வந்தது. செயினுக்கென்று 1960-இல் டி.ஐ. டைமண்ட் செயின் வந்தது. குழாய் சைக்கிளுக்கு மட்டும் உரியதன்று. மோட்டார் வாகனம் செய்வோருக்கும் அது தேவை. செயினும் அப்படியே. தனக்கென்று வாங்குவோர் உள்ள பொருளுக்குத் தனி ஆலை பொருந்தும். ஆனால் சைக்கிளின் ஃபிரேமை ஓரிடத்திலும் அதன் ஃபோர்க்கைப் பத்து மைல் தள்ளி வேறோரிடத்திலும் வடிவமைத்தால் என்ன ஆகும்? ஒன்றின் அளவை மாற்றும் அன்றே மற்றதன் அளவையும் மாற்றியாக வேண்டும். லாரியில் கடிதம் போய் வருவதற்குள் பொருந்தாத ஃபோர்க்குகள் மலைபோல் குவிந்துவிடும்.

நிரல் உலகில் இதற்கு நல்ல சான்று, தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழைத் தட்டச்சு செய்யும் வசதி. விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளுக்கு மீடியாவிக்கி என்று பெயர். இந்திய மொழிகளில் எழுதுவதற்கென்று அதனுடன் 'நாராயம்' என்னும் இணைப்பு ஒன்று முதலில் வந்தது. நாராயம் என்பது எழுத்தாணியைக் குறிக்கும் மலையாளச் சொல். பனையோலையில் எழுதிய கருவியின் பெயரைக் கணிப்பொறிக்குச் சூட்டியவர்களின் ரசனையை நாம் மெச்சவே வேண்டும். ஆனால் அந்த எழுத்தாணி மீடியாவிக்கி என்னும் ஓலையில் மட்டுமே எழுதியது. வேறோர் இணையதளம் நடத்துவோர் தமிழ் எழுத்து வசதியை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்பினால் அதற்கு வழியில்லை.

எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்ற அட்டவணைக்கும் விக்கிப்பீடியாவுக்கும் உண்மையில் என்ன உறவு? ஒன்றுமில்லை. தமிழ்99 விசைப்பலகையையே எடுத்துக்கொள்வோம். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் அமையும் அந்த முறை, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசால் ஏற்கப்பட்டது. அன்றிலிருந்து அது அசையாமல் நிற்கிறது. மீடியாவிக்கியோ வாரந்தோறும் மாறும். ஆகவே 2012-இல் தட்டச்சுப் பகுதியைப் பிரித்து, 'ஜேக்வெரி ஐஎம்இ' என்ற பெயரில் அதற்கென்று ஒரு களஞ்சியம் அமைத்தார்கள். தமிழ்99, பாமினி, ஒலிபெயர்ப்பு ஆகிய முறைகள் அதில் உள்ளன. எந்தத் தளமும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். மீடியாவிக்கியைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரும் தம் மொழியின் எழுத்தட்டவணையைத் திருத்தித் தரலாம்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. விக்கிப்பீடியாவில் நாராயத்தின் இடத்துக்கு வந்த 'யூனிவர்சல் லாங்குவேஜ் செலக்டர்' என்னும் இணைப்பு, ஜேக்வெரி ஐஎம்இயின் நகல் ஒன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதானால் முதலில் மூலக் களஞ்சியத்தில் திருத்த வேண்டும். பிறகு அந்தத் திருத்தத்தை இணைப்பின் களஞ்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பின்னரே விக்கிப்பீடியாவில் தட்டச்சு செய்பவருக்கு அது வந்து சேரும். ஒரு வேலை இரண்டாயிற்று. எனினும் இந்தப் பிரிவினை சரியானதே என்பது எங்கள் எண்ணம். அட்டவணை எப்போதோ ஒருமுறை மாறுவது. இரண்டாம் வேலையும் எப்போதோ ஒருமுறைதான் வரும்.

அளவுக்கு மீறிப் பிரித்துப் பின்னர் சேர்ந்தவர்களும் உண்டு. லினக்ஸ் கணிப்பொறிகளின் திரையில் சாளரங்களை வரைவதற்கு எக்ஸ் என்றொரு பழைய மென்பொருள் உள்ளது. முன்பு அது முழுவதும் ஒரே மூட்டையாக இருந்தது. ஒரு திரை அட்டைக்கான சிறு திருத்தம்கூட மூட்டை முழுவதும் வெளிவரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். 2005 டிசம்பர் 21 அன்று அதே நிரலை இரண்டு உருவில் வெளியிட்டார்கள்: பழைய ஒற்றை மூட்டையாக 6.9 பதிப்பு, பல சிறு பொதிகளாக 7.0 பதிப்பு. அதன்பின் பொதிகளே நிலைத்தன, காத்திருப்பு ஒழிந்தது. ஆனால் அப்பொதிகளில் சில மிகச் சிறியவை. பகுதிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியை வரையறுக்கும் கோப்புகள் தனித்தனிக் களஞ்சியங்களில், தனித்தனி வெளியீட்டு எண்களோடு கிடந்தன. 2018-இல் அவற்றையெல்லாம் மீண்டும் ஒன்றாக்கிவிட்டார்கள். திரை அட்டைப் பகுதி தனிக்குடித்தனத்திலேயே இருக்கிறது. இவை மட்டும் கூட்டுக்குடும்பத்துக்குத் திரும்பின.

கூகுள் நிறுவனம் தன் நிரலில் பெரும்பகுதியை ஒரே களஞ்சியத்தில் வைத்திருப்பதாக 2016-இல் எழுதியது. 2015 ஜனவரிக் கணக்குப்படி ஏறத்தாழ 200 கோடி வரிகள்! ஆயினும் அதைத் தாங்குவதற்கென்றே தனிக் கருவிகளை அவர்கள் செய்துகொண்டார்கள். அவர்களைப் பார்த்து நாமும் அப்படியே செய்வது, யானை குடிக்கிறதென்று பூனையும் குளத்தில் இறங்குவது போலத்தான்.

இனி நம் பள்ளிக்கு வருவோம். மேல்வகுப்பு மாணவியராகிய நாங்கள் இரண்டு மென்பொருள்களை எழுதி வருகிறோம். ஒன்று நூலகப் பதிவேடு. மற்றொன்று தேர்வு மதிப்பெண் பட்டியல். இரண்டும் மாணவியரின் பெயர், வகுப்பு, பிரிவு அடங்கிய ஒரே பெயர்ப்பட்டியலை நம்பி நிற்கின்றன. அருகிலுள்ள ஒரு பள்ளியினர் நூலக மென்பொருளைத் தங்களுக்கும் தரும்படி கேட்டார்கள். அப்போதுதான் கேள்வி பிறந்தது.

"மதிப்பெண்கள் வெளியே போய்விடாதா?" என்று நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் கேட்டார்கள். நியாயமான அச்சம். களஞ்சியத்தில் இருப்பது நிரல் மட்டுமே. மதிப்பெண்கள் அலுவலகக் கணிப்பொறியில் தனியே உள்ளன என்று விளக்கினோம். ஆயினும் அந்தக் கேள்வி எங்களைச் சிந்திக்க வைத்தது. ஒரு களஞ்சியத்தை ஒருவருக்குக் கொடுத்தால் முழுவதையும், தொடக்க நாள் முதலான வரலாற்றோடு கொடுப்பதாகும். எப்போதோ சோதனைக்காக யாராவது ஓர் உண்மையான பட்டியலை உள்ளே வைத்து மறுநாள் நீக்கியிருந்தாலும், நீக்கியது வரலாற்றில் நிற்கும். எனவே வெளியார் கைக்குப் போவதும் வீட்டோடு இருக்க வேண்டியதும் ஒரே களஞ்சியத்தில் இருத்தல் ஆகாது.

அப்படியானால் உடனே பிரித்துவிடலாமே என்று வகுப்பில் பாதிப்பேர் கூறினர். நாங்கள் பதிவேட்டைத் திறந்து ஜூன் முதல் நடந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நூலகத்தையும் மதிப்பெண்ணையும் ஒருசேரத் தொட்ட மாற்றம் மிகச் சில. நூலகத்தையும் பெயர்ப்பட்டியலையும் ஒருசேரத் தொட்டவையோ பல. பெயர்ப்பட்டியலில் எமிஸ் எண்ணைச் சேர்த்தபோது மூன்றிலும் ஒரே நாளில் கை வைக்க வேண்டியிருந்தது. பெயர்ப்பட்டியலின் அமைப்பு இன்னும் உறுதிப்படவில்லை என்பதே இதன் பொருள். அது உறுதிப்படாமல் நூலகத்தை வெளியே அனுப்பினால், இங்கே ஒரு கட்டம் கூட்டும்போதெல்லாம் அங்கே நூலகம் நின்றுபோகும்.

ஆகவே இவ்வாண்டு எல்லாம் ஒரே களஞ்சியத்தில், மூன்று தனி அடைவுகளாக இருக்கின்றன. நூலக நிரல் மதிப்பெண் அடைவிலுள்ள எதையும் அழைக்கக் கூடாது என்று விதி செய்துள்ளோம். பெயர்ப்பட்டியலை இரண்டும் ஒரே ஒரு வாசல் வழியாகவே கேட்க வேண்டும். கிட் முறையில் ஓர் அடைவை மட்டும் அதன் சொந்த வரலாற்றோடு பின்னர் வெட்டியெடுக்க முடியும் என்பதால் இப்போது காத்திருப்பதால் இழப்பில்லை. அருகுப் பள்ளியினரிடம் நிலைமையைச் சொன்னோம். அவர்களும் ஒரு பருவம் பொறுப்பதாக மகிழ்ச்சியோடு ஒப்பினர்.

அடுத்த ஆண்டுத் தோழியர் அரையாண்டுத் தேர்வுக்கு முன் பதிவேட்டை மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயர்ப்பட்டியலின் வாசல் ஒரு பருவம் முழுவதும் மாறாமல் இருந்திருந்தால் நூலகத்தைத் தனியே வெட்டியெடுத்து, வரலாற்றை ஒருமுறை வரிவரியாகச் சரிபார்த்து, அருகுப் பள்ளிக்கு அனுப்பலாம். எண்ணும் முறையை எழுதிக் கணிப்பொறி அறையின் அலமாரிக் கதவில் உட்புறமாக ஒட்டியிருக்கிறோம்.