பட்டின் நிறமும் விளக்கின் வெப்பநிலையும்

கும்பகோணத்தை அடுத்த திருபுவனம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே நெய்த அரக்கு நிறப் புடவை ஒன்றை எங்கள் வீட்டுத் திருமணத்திற்காக ஓர் இரவு கடையில் எடுத்தோம். அதற்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணியும் தனியே வாங்கினோம். கடையின் எல்.இ.டி. விளக்கொளியில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. மறுநாள் காலை முற்றத்தில் விரித்துப் பார்த்தால், புடவை நன்றாகச் சிவந்திருந்தது. ரவிக்கைத் துணியோ பழுப்பாக இருந்தது. "சாயம் போட்டவர் ஏமாற்றிவிட்டார்!" என்றார் என் அத்தை. உண்மையில் பிழை யாருடையது? மாணவர்களே, சற்று ஆராய்வோம்.

நிற வெப்பநிலை

கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சினால் அது முதலில் சிவப்பாக ஒளிரும்; சூடு ஏற ஏற மஞ்சளாகி, வெண்மையை நெருங்கும். ஆகவே ஒளியின் நிறத்தை, அந்த நிறத்தில் ஒளிரும் பொருளின் வெப்பநிலையைக் கொண்டே குறிக்கலாம். இதுவே நிற வெப்பநிலை. இதன் அலகு கெல்வின். இதற்கு அடிப்படையான விதியை 1900-இல் மாக்ஸ் பிளாங்க் கண்டறிந்தார். 1924-இல் நம் நாட்டு சத்தியேந்திரநாத் போஸ் அதே விதியைப் புதிய வழியில் நிறுவினார்.

அகல் விளக்கின் சுடர் ஏறத்தாழ 2000 கெல்வின். டங்ஸ்டன் இழை விளக்கு 2700. நண்பகல் வெயில் சுமார் 5500. கண்ணுக்கு இதமான மஞ்சள் ஒளிக்கு எண் குறைவு, நீலம் கலந்த வெண்மைக்கு எண் அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

எல்.இ.டி. செய்யும் வேலை

எல்.இ.டி. இரும்பைப்போலக் காய்ந்து ஒளிர்வதில்லை. அதிலுள்ள குறைகடத்திச் சில்லு சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைத் தருகிறது. அதன்மேல் பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து வெண்மையாகத் தெரிகின்றன. நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆகவே அட்டைப்பெட்டியில் உள்ள '6500 கெல்வின்' என்பது விளக்கின் சூடு அன்று. அந்த வெப்பநிலையில் ஒளிரும் பொருளின் நிறத்தைப்போல அந்த ஒளி நம் கண்ணுக்குத் தோன்றுகிறது என்பதே பொருள். நம் கண்ணில் நிறம் உணரும் கூம்புகள் மூன்று வகையே. எனவே வெவ்வேறு கலவைகளும் ஒரே வெண்மையாகத் தோன்றக்கூடும்.

ஆனால் துணியை ஏமாற்ற முடியாது! தன்மேல் விழும் ஒளியைத்தான் அது எதிரொளிக்கும். எங்கள் புடவையின் சாயம் ஆழ்ந்த சிவப்பை மிகுதியாக எதிரொளிப்பது. ரவிக்கையின் சாயம் அப்படியன்று. கடை விளக்கில் அந்தச் சிவப்பு குறைவாக இருந்ததால் வேறுபாடு மறைந்தது, பகலொளியில் வெளிப்பட்டது. நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைச் சி.ஆர்.ஐ. என்னும் எண் குறிக்கும். பகலொளிக்கு அது 100. சாதாரண எல்.இ.டி. விளக்குகளுக்குச் சுமார் 80. பட்டு பார்க்க 90-க்கு மேற்பட்டது நல்லது.

ஒரே எண், இரு நிறம்

ஒரே கெல்வின் எண்ணுள்ள இரு விளக்குகளில் ஒன்று இளம்பச்சையாகவும் மற்றொன்று இளஞ்சிவப்பாகவும் தோன்றுவதுண்டு. பாஸ்பர் பூச்சின் கனமும் சில்லின் அலைநீளமும் சிறிது மாறினாலே போதும். நாளடைவில் சூட்டினாலும் நிறம் மாறும். கண் உணரக்கூடிய மிகச் சிறிய நிற வேறுபாடுகளை 1942-இல் மக்ஆடம் என்பவர் அளந்து, நிற வரைபடத்தில் நீள்வட்டங்களாகக் குறித்தார். அந்த அளவுகளைக் கொண்டே இன்றும் தொழிற்சாலைகளில் சில்லுகளைத் தரம் பிரிக்கிறார்கள். வேறுபாடு மூன்று படிகளுக்குள் இருந்தால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது.

செய்து பாருங்கள்: ஒரே கெல்வின் எண்ணுள்ள, வெவ்வேறு நிறுவனங்களின் இரு விளக்குகளை அருகருகே எரியவிட்டு, வெள்ளை வேட்டியின்மேல் ஒளி விழச் செய்யுங்கள். பிறகு வேட்டிக்குப் பதிலாகச் சிவப்புத் துணிகள் சிலவற்றை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பட்டைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து பகலொளியில் பார்த்து வாங்குவது நம் பெரியவர்களின் வழக்கம். அன்று இரவில் போனதால் அதைச் செய்ய எங்களுக்கு வழியில்லை. சாயக்காரர் மீது குற்றமில்லை என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். ரவிக்கைத் துணியை மாற்ற நாங்கள் மறுபடியும் போனது பகலில்தான்!